ஜபர், ஜேர், பேஷ் எந்த விசையில் இருக்கின்றன?

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலையில் வீட்டில் வைத்துச் சிறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறீர்கள். அவர்களுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்கப் போனில் அரபி கீபோர்டைச் சேர்த்திருக்கிறீர்கள். அலிஃப், பா, தா எல்லாம் கிடைக்கின்றன, அ, இ, உ ஒலிகளைக் காட்டும் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் மட்டும் கண்ணில் படவில்லை. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் வாட்ஸப்பில் ஒரு மாதிரியும், கடையில் பிரிண்ட் எடுக்கும்போது வேறு மாதிரியும் வருகிறது. "நான் அடித்தது தப்பா, காட்டுவது தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விசை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சின்னது. இந்தக் கடைசி வரிக்கான பதில்தான் பெரியது, உங்களுக்கு அதிகம் உதவப்போவதும் அதுதான்.

நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. அரபியும் தமிழும் கலந்த துஆ (பிரார்த்தனை) நூல்கள், மக்தப் (பிள்ளைகள் ஓதப் பழகும் பள்ளி) பாடப் புத்தகங்கள் ஆகியவற்றுக்குப் பல ஆண்டுகளாகப் பக்கம் வடிவமைத்து வருகிறேன். ஒரு எழுத்து திரையிலும் தாளிலும் எப்படி நிற்கிறது என்பது என் வேலை. அதை எப்படி ஓத வேண்டும் என்பதை உங்கள் ஆசிரியரான உஸ்தாதிடம்தான் கேட்க வேண்டும். கணினி பற்றி நான் சொல்பவை நாள்தோறும் கை வைத்துப் பழகியவை. போன் பற்றிச் சொல்வதை அப்படியே உறுதியென்று கொள்ளாமல் படியுங்கள், ஏனென்றால் போன் கீபோர்டுகளில் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் விசைகள் இடம் மாறுகின்றன.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜபர், ஜேர், பேஷ், உயிரொலி இல்லை என்று காட்டும் சுகூன், எழுத்தை இரட்டிக்கும் ஷத்து எல்லாம் கணினிக்குத் தனித்தனி எழுத்துகள். ஜபர் போட்ட பா என்று தனியாக ஒரு விசை எங்கும் இல்லை. முதலில் பா, அதற்குப் பிறகு ஜபர். தமிழில் நீங்கள் தினமும் செய்வதும் இதைத்தான். 'கி' என்று அடிக்கும்போது கணினி ககரத்தை ஓர் எழுத்தாகவும் அதன் மேல் விலங்கை இன்னொன்றாகவும்தான் சேமித்துக்கொள்கிறது. 'கெ' இன்னும் நல்ல உதாரணம். கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது, ஆனால் சேமிக்கப்படுவது ககரத்துக்குப் பின்னால். கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு, உள்ளே இருக்கும் வரிசை வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் அரபிக் குறிகளில் வரும் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் மெய்ப்புள்ளி செய்யும் வேலையைத்தான் அங்கே சுகூன் செய்கிறது. பெரியவர்கள் அரபியைக் குறியில்லாமல் எழுதுவதும் நமக்கு அந்நியமானதல்ல. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல்தான் எழுதினார்கள், படிப்பவர் தாமே புள்ளி வைத்துப் படித்துக்கொண்டார். பிள்ளைகளால் அப்படிப் படிக்க முடியாது. அதனால்தான் உங்கள் வேலையில் குறி விடுபடவே கூடாது.

போனுக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் கூகுள் கீபோர்டு வைத்திருந்தால், அரபிக்கு மாறிய பிறகு ஸ்பேஸ் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் முற்றுப்புள்ளி விசையை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். குறிகள் ஒரு சின்னப் பெட்டியில் விரியும், விரலை நகர்த்தி வேண்டியதில் விடுங்கள். ஐபோனிலும் இதே அழுத்திப் பிடிக்கும் முறைதான். எழுத்துப் பக்கத்தில் காணவில்லை என்றால் எண்கள் பக்கத்துக்கு மாறி, குறியின் படம் போட்டிருக்கும் விசையைத் தேடுங்கள். வேறு நிறுவனத்தின் கீபோர்டாக இருந்தால் ஒவ்வொரு விசையாக அழுத்திப் பிடித்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் அகப்படும். குறிகளுக்கென்றே தனி வரிசை தரும் கீபோர்டு செயலிகளும் கிடைக்கின்றன. ஆனால் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும், வங்கிக் கடவுச்சொல் உட்பட, கீபோர்டு வழியாகத்தான் போகிறது. யார் தயாரித்தது என்று தெரியாத ஒன்றை இதற்காக நிறுவாதீர்கள். பிஸ்மில்லாஹ், அல்ஹம்து லில்லாஹ் போல அடிக்கடி வருபவற்றை ஒருமுறை குறிகளோடு சரியாக அடித்து, போனின் சொந்த அகராதியில் ஒரு குறுக்குச் சொல்லுக்குச் சேமித்து வைத்தால் விரலுக்கு மிச்சம்.

ஆனாலும் ஒரு முழுத் தாளைப் போனில் அடிப்பது வீண் சிரமம். ஒவ்வொரு குறிக்கும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பழைய லேப்டாப் ஒன்று இருந்தாலும் அதற்கு மாறிவிடுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் அரபியைச் சேர்த்தால் போதும். சவூதி அரபி என்பதைத் தேர்ந்தெடுத்தால் 'அரபி 101' என்ற கீபோர்டு அமைப்பு கூடவே வரும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி வரும். இந்த அமைப்பில் குறிகள் எல்லாம் ஷிஃப்ட் விசைக்குள் ஒளிந்திருக்கின்றன. ஷிஃப்டோடு க்யூ அடித்தால் ஜபர், டபிள்யூ அடித்தால் 'அன்' ஒலிக்கான இரண்டு ஜபர். ஈ என்றால் பேஷ், ஆர் என்றால் இரண்டு பேஷ். அதற்குக் கீழ் வரிசையில் ஏ என்றால் ஜேர், எஸ் என்றால் இரண்டு ஜேர். எக்ஸ் என்றால் சுகூன். ஷத்து மட்டும் தள்ளி இருக்கிறது: எண் ஒன்றுக்கு இடப்பக்கம், டேப் விசைக்கு நேர் மேலே இருக்கும் விசையை ஷிஃப்டோடு தட்ட வேண்டும். ஒற்றையும் இரட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும். நம் ஊர் கீபோர்டுகளில் அரபி எழுத்து அச்சடித்திருக்காது. விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். அதில் ஷிஃப்டைத் தட்டியதும் குறிகள் அவரவர் இடத்தில் தெரியும். மேக் வைத்திருப்பவர்கள் அரபியைச் சேர்க்கும்போது 'அரபி பிசி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய இதே அமைப்பு கிடைக்கும்.

ஒரு வரியை அடித்தே பார்த்துவிடலாம். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த துஆ, குர்ஆனின் தாஹா சூராவின் (அத்தியாயத்தின்) 114ஆம் ஆயத்தில் (வசனத்தில்) வருவது: ரப்பி ஸித்னீ இல்மா. வி அடித்தால் ரா, ஷிஃப்ட் க்யூவில் ஜபர். எஃப் அடித்தால் பா, ஷிஃப்டோடு அந்த மூலை விசையில் ஷத்து, பிறகு ஷிஃப்ட் ஏ, ஜேர். ஸ்பேஸ். முற்றுப்புள்ளி விசையில் ஸாய், அதற்கு ஜேர். சதுர அடைப்புக்குறியின் இரண்டாவது விசையில் தால், ஷிஃப்ட் எக்ஸில் சுகூன். கே நூன், ஜேர், டி யா. ஸ்பேஸ். யூ ஐன், ஜேர், ஜி லாம், சுகூன், எல் மீம், ஷிஃப்ட் டபிள்யூவில் இரண்டு ஜபர், கடைசியாக ஹெச்சில் அலிஃப். மொத்தம் 10 எழுத்து, 9 குறி, 2 இடைவெளி. குறிக்கென்று தனித் தட்டு தேவை என்பது இந்த எண்ணிக்கையிலேயே தெரியும். தவறு வந்துவிட்டால் அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள், பெரும்பாலான மென்பொருள்களில் கடைசியாக இட்ட குறி மட்டும் போகும். முன்னால் நின்று டெலீட்டைத் தட்டினால் எழுத்தும் அதன் குறிகளும் சேர்ந்தே போய்விடும்.

இப்போது திரையைப் பாருங்கள். ரப்பி என்ற சொல்லில் பாவுக்கு நீங்கள் இட்டது ஜேர். ஆனால் பல ஃபான்ட்டுகளில் அது எழுத்துக்குக் கீழே நிற்காது. ஷத்து எழுத்துக்கு மேலே இருக்கும், ஜேர் அந்த ஷத்துக்குக் கீழே, எழுத்துக்கு மேலே இருக்கும். புதிதாக அடிப்பவர்கள் பெரும்பாலோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஜபர் விழுந்துவிட்டது என்று நினைத்து அழித்து, மறுபடி அடித்து, மறுபடி அதே மாதிரி வந்து சலித்துப்போவார்கள். தவறு எதுவும் இல்லை. ஷத்துக்கு மேலே இருந்தால் ஜபர், ஷத்துக்குக் கீழே ஒட்டி இருந்தால் ஜேர், இது அரபு நாட்டு அச்சில் இருக்கும் பழைய வழக்கம். நம் பிள்ளைகள் பழகிய இந்திய முஸ்ஹஃப்களில் (குர்ஆன் பிரதிகளில்) ஜேர் எழுத்துக்குக் கீழேயே இருக்கும். அதனால் தாளைக் கொடுக்குமுன் இதை அவர்களுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள், அல்லது ஜேரைக் கீழே வைக்கும் ஃபான்ட்டாகப் பார்த்து எடுங்கள். ஷத்து முதலில், ஜபர் பிறகு என்று அடிக்க வேண்டுமா, எப்படி அடித்தாலும் சரியா என்று இன்னொரு சகோதரர் கேட்டிருந்தார். இரண்டும் ஒன்றே என்பது, எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் விதி. ஆனால் பழைய ஃபான்ட்டுகள் சிலவற்றில் ஷத்தை முதலில் அடித்தால்தான் இரண்டும் ஒழுங்காக அடுக்கி நிற்கின்றன. நான் எப்போதும் ஷத்தைத்தான் முதலில் அடிக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அனுப்புவது எழுத்துகளின் வரிசையை மட்டும். அதற்கு உருவம் கொடுப்பது எதிரே இருக்கும் போனிலோ கணினியிலோ உள்ள ஃபான்ட். அது குறிகளை நன்றாகக் கையாளத் தெரிந்ததாக இருந்தால் அழகாக வரும். தெரியாததாக இருந்தால் குறி எழுத்தின் மேலேயே ஏறி உட்காரும், அல்லது பக்கத்து எழுத்துக்கு நகர்ந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துஆ சிறுநூலை வேர்டு கோப்பாகவே அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கணினியில் அந்த ஃபான்ட் இல்லை, வேறு ஏதோ ஒன்று தானாக ஏறிக்கொண்டது. 500 பிரதி அடித்துக் கட்டிவந்த பிறகு பிரித்துப் பார்த்தால் ஷத்தும் ஜபரும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கறுத்த புள்ளியாக நிற்கின்றன. துஆவை அப்படி யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை, அத்தனையையும் நிறுத்திவிட்டோம். அன்றிலிருந்து பி.டி.எஃப். தவிர வேறு எதையும் நான் வெளியே அனுப்புவதில்லை. பி.டி.எஃப். ஆக்கும்போது ஃபான்ட்டும் உள்ளே பதிந்துவிடும், நீங்கள் பார்த்ததையே அவர்களும் பார்ப்பார்கள். வாட்ஸப்பில் பெற்றோருக்கு அனுப்பும்போதும் எழுத்தாக அனுப்பாமல் பி.டி.எஃப். அல்லது படமாக அனுப்புங்கள்.

எந்த ஃபான்ட் என்றால், இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் நம்புவது இரண்டு: அமீரி, ஷெஹரஸாத் நியூ. அமீரி கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பட்ட அச்செழுத்தைப் பார்த்துச் செய்தது. அச்சில் கண்ணுக்கு இதமாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு ஷெஹரஸாத் நியூ இன்னும் தெளிவு, குறிகள் எழுத்திலிருந்து நன்றாக விலகி நிற்கும். இரண்டையும் 28 புள்ளி அளவுக்குக் குறையாமல் வையுங்கள். வேர்டில் அளவை மாற்றியும் அரபி மட்டும் சின்னதாகவே இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். வேர்டு அரபிக்கென்று தனியாக ஃபான்ட்டும் அளவும் வைத்திருக்கிறது. கன்ட்ரோலோடு டி அடித்தால் வரும் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற பகுதியில் மாற்ற வேண்டும். பத்தி வலமிருந்து இடமாக ஓட வலப்பக்க ஷிஃப்டைக் கன்ட்ரோலோடு அழுத்துங்கள். இதே வேர்டில், அரபியைச் சேர்த்த பிறகு, ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் குறிகளுக்கு மட்டும் தனி நிறம் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஆரம்பகாலக் குர்ஆன் பிரதிகளில் உயிர்க்குறிகள் சிவப்புப் புள்ளிகளாகத்தான் இருந்தன. பஸ்ராவின் அபுல் அஸ்வத் அத்துஅலீ அதைத் தொடங்கினார் என்று மரபு சொல்கிறது. இன்று நாம் பார்க்கும் வடிவங்களை, அதாவது குட்டி வாவு போன்ற பேஷ் முதலானவற்றை, 8ஆம் நூற்றாண்டின் கலீல் இப்னு அஹ்மதுக்கு உரியவையாகச் சொல்வார்கள். நிறத்தோடு அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரே ஒரு தாள் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்காத, ஆனால் சீக்கிரமே முட்டிக்கொள்ளப்போகும் விஷயம். நம் மக்தபில் நிமிர்ந்து நிற்கும் ஜபர், நிமிர்ந்து நிற்கும் ஜேர், தலைகீழ் பேஷ் என்று மூன்றையும் நீட்டி ஓதச் சொல்லிக்கொடுக்கிறோம். அரபு நாட்டு வழக்கு எழுத்துக்குச் செய்த விண்டோஸின் 'அரபி 101' கீபோர்டில் இவற்றுக்கு இடமில்லை. ஜபர், ஜேர், பேஷ் என்ற பெயர்களே மேல், கீழ், முன் என்று பொருள்படும் பாரசீகச் சொற்கள். நாம் கற்ற முறை இந்தியத் துணைக்கண்டத்து முஸ்ஹஃப் வழி வந்தது. அரபு நாட்டுப் பிள்ளைகள் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்றுதான் சொல்வார்கள். கீபோர்டில் இல்லை என்றாலும் யூனிகோடில் மூன்றுக்கும் இடம் உண்டு. நிமிர்ந்த ஜபருக்கு எண் 0670, நிமிர்ந்த ஜேருக்கு 0656, தலைகீழ் பேஷுக்கு 0657. வேர்டில் அரபி எழுத்தை அடித்துவிட்டு, ஆங்கிலக் கீபோர்டுக்கு மாறி, இந்த எண்ணை அடித்து, ஆல்ட் விசையோடு எக்ஸ் தட்டினால் எண் மறைந்து குறி எழுத்தின் மேல் ஏறிக்கொள்ளும். மூன்றையும் ஒருமுறை இப்படி வரவழைத்துக் கோப்பின் மூலையில் வைத்துக்கொண்டால் பிறகு நகலெடுத்து ஒட்டலாம். அல்லாஹ் என்ற சொல்லில் மட்டும் கவனம். பல ஃபான்ட்டுகள் அந்த நான்கு எழுத்தைக் கண்டதும் ஷத்தையும் நிமிர்ந்த ஜபரையும் தாமாகவே வரைந்துவிடும். நீங்களும் இட்டால் இரண்டு முறை வரும். முதலில் வெறும் எழுத்தை அடித்து என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குர்ஆன் ஆயத்துகளை மட்டும் தயவுசெய்து கையால் அடிக்காதீர்கள். மேலே துஆவை அடித்துக் காட்டியது விரல் பழக. தாளில் ஏறும் ஆயத் எப்போதும் சரிபார்த்த மூலத்திலிருந்தே வர வேண்டும். தன்ஸில் என்ற தளத்தில் முழுக் குர்ஆனும் யூனிகோடில், பலமுறை சரிபார்த்த நிலையில் கிடைக்கிறது. முஸ்ஹஃபில் உள்ளபடியான உஸ்மானி எழுத்துமுறை, எளிய எழுத்துமுறை என்று தேர்ந்தெடுத்து எடுக்கலாம். உஸ்மானியை எடுத்தால் அதற்கேற்ற ஃபான்ட்டும் வேண்டும், இல்லாவிட்டால் சில இடங்களில் கட்டங்கள் தெரியும். குறியில்லாத எழுத்தைக் கொடுத்தால் தானாகக் குறி இட்டுத் தரும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. நானும் சோதித்துப் பார்க்கிறேன். சொல்லின் நடுவில் பெரும்பாலும் சரியாக இடுகின்றன, சொல் முடிவில்தான் நம்ப முடியவில்லை. நடுவிலும் முழுதாக நம்பிவிட முடியாது என்பதற்குக் காஃப், தா, பா என்ற மூன்றெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதப என்றால் எழுதினான், குதிப என்றால் எழுதப்பட்டது, குதுப் என்றால் புத்தகங்கள். எது என்று முடிவு செய்வது வாக்கியம், இலக்கணம் தெரிந்த ஒருவர் பார்த்தால்தான் அது உறுதி. கருவி இட்டதை உஸ்தாத் ஒருவர் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்க நான் ஒப்ப மாட்டேன்.

இல்மா என்பதில் இரண்டு ஜபரை மீமுக்கு இட்டு அலிஃபைப் பிறகு அடித்தோம். அலிஃபை அடித்துவிட்டு அதன் மேல் இரண்டு ஜபரை இடுபவர்களும் இருக்கிறார்கள், அச்சிலும் இரண்டு வழக்கமும் உண்டு. உங்கள் பிள்ளைகளின் காயிதாவில் (அரபி அரிச்சுவடியில்) எப்படி இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள், ஆனால் ஒரே தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம். கலந்துவிட்டால் பின்னால் கோப்பில் ஒரு சொல்லைத் தேடும்போதும் அகப்படாது. குறியோடு அடித்த சொல்லும் குறியில்லாததும் பல மென்பொருள்களுக்கு வேறு வேறு சொற்கள்.

கடைசியாக, பயிற்சித் தாளில் எழுத்தில்லாமல் குறியை மட்டும் காட்ட வேண்டி வருமே, "இது என்ன குறி?" என்று கேட்க. தனியாக ஜபரை அடித்தால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்து அதன் மேல் உட்காரும். போன் பழுது என்று பயப்பட வேண்டாம், அமர எழுத்து இல்லாததால் கணினி காட்டும் காலி நாற்காலி அது. அதற்குப் பதில் ஷிஃப்டோடு ஜே அடித்தால் வரும் சின்னக் கிடைக்கோட்டை முதலில் இட்டு, அதன் மேல் குறியை அடியுங்கள். ஆண்ட்ராய்டில் இந்தக் கோடும் முற்றுப்புள்ளி விசையின் அதே பெட்டியில் இருக்கும். கோட்டை மூன்று நான்கு முறை தட்டி நீட்டினால் பிள்ளைகள் பென்சிலால் எழுத்தை எழுதிப் பழக இடமும் கிடைக்கும். ஒரு தாளை இப்படிச் செய்து பி.டி.எஃப். ஆக்கி இங்கே போடுங்கள், குறிகள் இடம் தவறாமல் நிற்கின்றனவா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.